சீனக் கஷாயமும் தேசாபிமானமும்

ஜலதோஷத்தை அற்ப வியாதியென்று நாம் எண்ணுவது வழக்கம். மூக்கில் நீர் வடியும், தலை கனக்கும், இரண்டு நாள் சுக்குக் கஷாயம் குடித்தால் நீங்கும், குடிக்காவிட்டாலும் ஒரு வாரத்தில் தானே நீங்கும். ஆனால் சீன தேசத்து வைத்தியத்திற்கு அஸ்திவாரமாக விளங்கும் நூல்களில் தலைசிறந்த ஒன்று, குளிர் தாக்கி வரும் நோய் என்னும் இவ்விஷயத்தைப் பற்றியே எழுந்தது. அந்நூலில் கண்ட கஷாயங்களையும் அவற்றைக் காய்ச்சிக் கொடுக்கும் வைத்தியர்களையும் காப்பாற்றும் பொருட்டு 1929-ம் ஆண்டில் ஷாங்காய் நகரத்து மருந்துக் கடைக்காரர்கள் கடையடைப்புச் செய்தார்கள். ஒரு தேசத்து ஜனங்கள் தங்கள் கஷாயச் சட்டிக்காகக் கிளர்ச்சி செய்த கதை, சுதேச வைத்தியத்தைப் பற்றி ஓயாமல் வாதாடும் நமக்குப் பயன்படாமற் போகாது.

ஹான் வம்சத்துச் சக்கரவர்த்திகளின் ஆட்சி குலைந்து, சேனாதிபதிகள் நாட்டைப் பங்கு போட்டுக்கொண்டிருந்த காலம் அது. பட்டினியும் கொள்ளை நோயும் ஊர் ஊராகச் சூறையாடின. ஜாங் ஜோங்-ஜிங் என்னும் வைத்தியர் தம் நூலின் முகவுரையில் ஒரு கணக்குக் கொடுக்கிறார். அவருடைய குலத்தார் 200 பேருக்கு மேற்பட்டவர்கள். கி.பி. 196-ம் ஆண்டு தொடங்கிப் பத்து வருஷம் நிறைவதற்குள் அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் மாண்டனர். மாண்டவர்களில் பத்துக்கு ஏழு பேர் குளிர் தாக்கிய ஜுரத்தால் இறந்தவர்கள். இந்தத் துக்கமே தம்மை எழுதத் தூண்டியதாக அவர் கூறுகிறார். அதே முகவுரையில், பதவியையும் செல்வாக்கையும் நாடி ஓடிவிட்டு நோய் வந்தபின் மந்திரவாதியின் வாசலில் நிற்கும் தம் காலத்துப் பெரிய மனிதர்களை அவர் கண்டிக்கும் வேகம், அரசியல்வாதிகள் அனைவரும் படிக்கத் தக்கது. பின்னர் யுத்தங்களில் சிதறிய அந்நூலை வாங் ஷு-ஹெ என்பவர் தொகுத்தார். ஸுங் வம்சத்துச் சர்க்கார் 1065-ம் ஆண்டில் அதைத் திருத்தி அச்சிட்டது. 'ஷாங் ஹான் லுன்' என்று இன்று வழங்குவது அதுவே. நூறுக்குச் சற்று மேற்பட்ட யோகங்களே அதில் உள்ளன. ஆயினும் சீனா, ஜப்பான், கொரியா மூன்று தேசங்களிலும் வைத்தியர்கள் இன்றும் அதைக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவர் 'குளிர்' என்றது வெறும் மூக்கொழுகலை மட்டுமல்ல. குளிர்காற்று உடலிற் புகுந்து, முதலில் தோலளவில் நின்று, தடுக்கப்படாவிட்டால் உள்ளே உள்ளே இறங்கி உயிரை வாங்கும் ஜுரங்கள் யாவும் அதில் அடங்கும். இக்காலத்துச் சீன டாக்டர்கள் டைபாய்டு ஜுரத்திற்கே அந்தப் பழைய பெயரை வைத்திருக்கிறார்கள். ஆகவே நோய் தோலளவில் நிற்கும்போதே அதை வேர்வை வழியாக வெளியேற்றிவிட வேண்டும் என்பது அவருடைய முதல் சித்தாந்தம். வேர்வையை எப்படி வரவழைப்பது, யாருக்கு வரவழைக்கக் கூடாது என்பதில்தான் அவருடைய சாமர்த்தியம் முழுவதும் இருக்கிறது.

முதல் யோகம் 'குவெய் ஜி டாங்'. சீன லவங்கப்பட்டை மரத்தின் இளங்கிளை 3 லியாங், பியோனிச் செடியின் வேர் 3 லியாங், அதிமதுரம் 2 லியாங், பச்சை இஞ்சி 3 லியாங், இலந்தைப் பழம் 12. ஐந்தே சரக்குகள்; அவற்றில் நான்கு நம் வீட்டுப் பெண்களுக்கும் அந்நியமல்ல. ஜுரமும் தலைவலியும் இருந்து, காற்றுப் பட்டால் கூசி, வேர்வையும் தானே கசிந்துகொண்டிருப்பவனுக்கு இது உரியது. நூலாசிரியர் சரக்குகளைச் சொல்லிவிட்டு நின்றுவிடவில்லை. மந்தமான தீயில் காய்ச்சி, வடித்து, மூன்றில் ஒரு பங்கைக் குடிக்கச் செய்து, சிறிது நேரத்தில் சூடான நீர்க் கஞ்சியை அனுபானமாகக் கொடுக்கச் சொல்கிறார். பிறகு 5 நாழிகை நேரம் போர்த்திப் படுக்க வைக்க வேண்டும். உடல் முழுவதும் பனித்தாற்போல் லேசாக வேர்க்க வேண்டும். தண்ணீராக வழிந்தோட விடக் கூடாது. ஒரு வேளை மருந்திலேயே குணம் கண்டால் மீதியை ஊற்றிவிட வேண்டும். பச்சையானதும் குளிர்ந்ததும் வழவழப்பானதும், மாமிசம், மது, பாற்பொருள் முதலியனவும் விலக்கு. பத்தியம் என்பது நம் நாட்டுக்கு மட்டும் சொந்தமென்று நினைத்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது யோகம் 'மா ஹுவாங் டாங்'. இதில் மா ஹுவாங் என்னும் செடியின் தண்டு 3 லியாங், லவங்கக் கிளை 2 லியாங், அதிமதுரம் 1 லியாங், ஆப்ரிகாட் கொட்டையின் பருப்பு 70. ஜுரமும் குளிரும் உடல் முழுவதும் வலியும் இருந்து, மூச்சு வாங்கி, ஆனால் ஒரு துளியும் வேர்க்காதவனுக்கு இது உரியது. இங்கே கஞ்சி வேண்டாம். மருந்தே போதிய வேகமுள்ளது. இரண்டு நோயாளிகளையும் நம்மிடம் கொண்டுவந்தால் இருவருக்கும் 'ஜலதோஷ ஜுரம்' என்று ஒரே பெயரிட்டு ஒரே மாத்திரையைக் கொடுப்போம். சீன ஆசிரியரோ, வேர்க்கிறதா இல்லையா என்று கேட்டு இருவரையும் பிரித்துவிடுகிறார். ஒருவனுக்குரியதை மற்றவனுக்குக் கொடுக்கக் கூடாதென்று வெளிப்படையாக விலக்கும் வைக்கிறார். அவருடைய நூலில் கணிசமான பகுதி எதைப் பற்றியது தெரியுமா? பிற வைத்தியர்கள் தவறான மருந்து கொடுத்துக் கெடுத்த கேஸ்களை எவ்வாறு மீட்பது என்பதைப் பற்றியது! தொழிலில் உள்ளவர்களின் பிழையை இவ்வளவு பகிரங்கமாக எடுத்துப் பேசிய வைத்திய நூல் எந்தத் தேசத்திலும் பெருமைக்குரியதே.

லியாங் என்பது எவ்வளவு நிறை என்று நேயர்கள் கேட்கலாம். ஹான் காலத்து எடைக் கற்களைக் கொண்டு கணக்கிட்டவர்கள் சுமார் 15 கிராம் என்கிறார்கள். பிற்காலத்து வைத்தியர்கள் அதை 3 கிராமாகவே கொண்டு மருந்து கொடுத்து வந்திருக்கிறார்கள். ஐந்து மடங்கு வித்தியாசம்! பழமை மாறாமல் அப்படியே வந்திருக்கிறது என்று மார்தட்டுவோர் இந்தக் கணக்கை மறந்துவிடுகிறார்கள்.

பழமை மாறியது அளவில் மட்டுமல்ல. 1641-ம் ஆண்டில் வடசீனத்திலும் கீழ்க்கரை மாகாணங்களிலும் பெருங் கொள்ளை நோய் பரவியபோது, வைத்தியர்கள் குளிருக்குரிய முறையையே கையாண்டு நோயாளிகளை இழந்தனர். அதைக் கண்ணாரக் கண்ட வூ யோ-கெ, இந்நோய் குளிர்காற்றால் தோல் வழியாக வந்ததல்ல, மூக்கின் வழியும் வாயின் வழியும் புகும் தனிப்பட்ட விஷத்தால் வந்தது என்று அடுத்த ஆண்டே ஒரு நூல் எழுதினார். கிருமியைக் கண்ணால் கண்டவர் எவரும் இல்லாத காலத்தில் எழுதியது அது. அவருக்கு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் வூ ஜு-டோங், தம் தந்தையையும் சகோதரன் மகனையும் நோய்க்குப் பறிகொடுத்து வைத்தியம் கற்றவர், 1798-ல் வெப்ப ஜுரங்களைப் பற்றிய நூலை எழுதி முடித்தார். தொண்டை வலி, தாகம், மிகுந்த ஜுரம் இவற்றோடு வரும் ஜலதோஷத்திற்கு அவர் கூறிய யோகம் 'யின் சியாவ் ஸான்'. சீனர்கள் பொன்-வெள்ளிப் பூ என்றழைக்கும் கொடிப்பூ, லியன் சியாவ் என்னும் காய், புதினா, மூங்கிலிலை, புளிக்க வைத்த சோயா மொச்சை முதலியவற்றை இடித்துத் தூளாக்கி, நாணற் கிழங்குத் தண்ணீரில் கொதிக்க விட வேண்டும். வாசனை நன்றாக எழுந்தவுடனே இறக்கிவிட வேண்டும். அதிகம் காய்ந்தால் மருந்து கனத்து வயிற்றுக்குப் போய்விடும், மார்புக்கு உதவாது என்பது அவர் கொள்கை. கொள்கை எப்படியிருப்பினும், வாசனைத் தைலம் ஆவியாய்ப் போய்விடாமல் காக்கும் பக்குவம் சரியானதே.

பண்டிதர்கள் இவ்வாறு வாதாடிக்கொண்டிருக்க, கிராமத்துக் கிழவி வெங்காயத்தாளின் வெள்ளைத் தண்டையும் புளித்த மொச்சையையும் காய்ச்சிக் கொடுத்து வந்தாள். இதுவும் நூலேறிய மருந்தே: நான்காம் நூற்றாண்டில் கெ ஹுங் என்பவர் ஏழைகளுக்கென்று எழுதிய கைந்நூலில் இருக்கிறது. மலேரியாவுக்கு மாசிபத்திரி இனத்துச் செடி ஒன்றைக் காய்ச்சாமல் நீரில் ஊறவிட்டுப் பிழிந்து கொடுக்கச் சொன்னதும் அதே கைந்நூல். அந்த ஒரு குறிப்பைப் பிடித்துக்கொண்டு, சூடு படாமல் சாரம் எடுக்கும் வழியைக் கண்டு, அம்மையார் டு யோ-யோ 1970-களின் தொடக்கத்தில் ஆர்டிமிசினின் என்னும் மருந்தைப் பிரித்தெடுத்த குழுவை நடத்தினார். 2015-ல் நோபல் பரிசும் பெற்றார்.

மா ஹுவாங் செடியின் சரித்திரமும் அத்தகையதே. நாகாயி நாகயோஷி என்னும் ஜப்பானிய ரசாயனப் பண்டிதர் 1885-ல் அதிலிருந்து எபிட்ரின் என்னும் சத்தைப் பிரித்தார். 1920-களில் பீக்கிங் யூனியன் மருத்துவக் கல்லூரியில் சென் கெ-குவெய் என்னும் சீன விஞ்ஞானியும் ஷ்மிட் என்னும் அமெரிக்கரும் அதன் குணத்தைப் பரிசோதித்து 1924-ல் வெளியிட, காசத்திற்கு மருந்தாக அது உலகமெங்கும் பரவிற்று. நம் மருந்துக் கடைகளில் மூக்கடைப்புக்கு விற்ற மாத்திரைகளில் இருந்த சூடோ எபிட்ரினும் அச்செடியின் சத்துக்களில் ஒன்று. அதே செடியை உடல் இளைக்கவும் சுறுசுறுப்புக்கும் என்று அமெரிக்காவில் தாராளமாக விற்றபோது இருதயக் கோளாறும் மரணமும் நேர்ந்து, 2004-ல் அந்நாட்டுச் சர்க்கார் அவ்விற்பனையைத் தடுத்தது. வேர்க்காதவனுக்கு மட்டும், வேண்டிய அளவு மட்டும் என்று பழைய ஆசிரியர் இட்ட வேலியை வியாபாரி பிடுங்கி எறிந்ததன் பலன் இது.

இனி 1929-க்கு வருவோம். நான்கிங்கில் அமைந்த புதிய தேசீய சர்க்கார் பிப்ரவரி மாதத்தில் மத்திய சுகாதாரக் கமிட்டியைக் கூட்டியது. ஜப்பானில் மேல்நாட்டு வைத்தியம் பயின்று திரும்பிய யூ யுன்-சியு என்பவர் பழைய வைத்தியத்தை ஒழிக்கும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். பழைய வைத்தியர்களைப் பதிவு செய்து, புதுப் பயிற்சி கொடுத்து, புதிதாக எவரும் அத்தொழிலில் சேராமல் தடுத்து, அவர்களுடைய பள்ளிகளையும் பத்திரிகை விளம்பரங்களையும் நிறுத்திவிட வேண்டும் என்பது திட்டம். கமிட்டி ஏற்றுக்கொண்டது. கவனிக்க: ஒழிக்க முற்பட்டது அந்நிய சர்க்காரல்ல, சொந்த தேசீய சர்க்கார். மார்ச் 17-ந் தேதி பல மாகாணங்களிலிருந்து வைத்தியர்களும் மருந்து வியாபாரிகளும் ஷாங்காயில் கூடினர். சீன வைத்தியத்தை ஆதரிப்பது பண்பாட்டின் மீது வரும் படையெடுப்பைத் தடுப்பதாகும், சீன மருந்தை ஆதரிப்பது பொருளாதாரப் படையெடுப்பைத் தடுப்பதாகும் என்ற கோஷங்கள் எழுந்தன. தூது கோஷ்டி நான்கிங்குக்குச் சென்றது. சர்க்கார் இறங்கி வந்தது. 1931-ல் தேசீய வைத்திய ஸ்தாபனம் ஒன்றும் நிறுவப்பட்டது. அன்று முதல் தங்கள் வைத்தியத்திற்குத் 'தேசீய வைத்தியம்' என்றே பெயரிட்டுக்கொண்டார்கள்.

எதிர்க்கட்சியில் நின்றவர்கள் தேசத் துரோகிகளா? லு சுன் என்னும் மாபெரும் எழுத்தாளர், சிறு வயதில் அடகுக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடந்து நடந்து, முதலிலிருந்தே பிரியாத ஜோடிச் சுவர்க்கோழிப் பூச்சிகளை அனுபானமாகத் தேடிப் பிடித்தும், 1896-ல் தந்தையை இழந்தவர். அந்தக் கசப்பை அவர் கடைசிவரை மறைக்கவில்லை. சீனக் குடியரசின் தந்தையான ஸன் யாட்-ஸென் தாமே ஹாங்காங்கில் 1892-ல் பட்டம் பெற்ற டாக்டர். 1925-ல் பீக்கிங் ஆஸ்பத்திரியில் புற்றுநோயால் கிடந்தபோது சுதேச மருந்தை ஏற்க அவர் தயங்கினார். கைவிடப்பட்டு வீட்டுக்குத் திரும்பியபின், நண்பர்கள் வற்புறுத்த, ஒப்புக்கொண்டார். அதுவும் பலிக்கவில்லை. இவர்களுடைய தேசபக்தியை யார் சந்தேகிக்க முடியும்? தேசபக்தியுள்ள இருவர் ஒரு கஷாயத்தைப் பற்றி எதிரெதிர் அபிப்பிராயம் கொள்ளலாம் என்பதை ஷாங்காய் மேடைகள் மறந்துவிட்டன.

கம்யூனிஸ்ட் சர்க்கார் வந்தபின் கட்சி பேதமின்றி அதே கொடி உயர்ந்தது. 1956-ல் சுதேச வைத்தியக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. கஷாயங்கள் ஆலைகளில் மாத்திரையாகவும் தூளாகவும் மாறின. இங்கேதான் நமக்கு வருத்தம் தரும் காட்சி தொடங்குகிறது. 'வைட்டமின் ஸி யின் சியாவ்' என்னும் மாத்திரை சீனாவில் வீட்டுக்கு வீடு பிரசித்தம். வூ ஜு-டோங்கின் பெயர்போன யோகந்தானே என்று நம்பி விழுங்குகிறார்கள். அதனுள்ளே பாராஸிட்டமாலும் குளோர்பெனிரமினும் கலந்திருக்கின்றன! பெட்டியில் அச்சிட்டிருப்பது உண்மையே. ஆனால் ஜுரம் தணிந்ததும் புகழ் பெறுவது பொன்-வெள்ளிப் பூ. இதையும் விழுங்கி, வேறு ஜுர மாத்திரையையும் விழுங்குகிறவனுடைய ஈரலின் கதி என்ன? பிரிட்டிஷ் மருந்துக் கண்காணிப்பாளர்கள் 2013-ல் இதைப் பற்றி ஜனங்களை எச்சரிக்க நேர்ந்தது. தன் மருந்தில் உண்மையான நம்பிக்கை உள்ளவன் அதில் பிறன் மருந்தைக் கலக்க மாட்டான்.

ஜப்பானில் வேறு விதமான அனர்த்தம். அங்கே ஜாங் ஜோங்-ஜிங்கின் கஷாயங்களை உரிமம் பெற்ற டாக்டர்களே எழுதிக் கொடுக்கிறார்கள். தலைவலியோ வயிற்றுவலியோ, எல்லோருக்கும் 'கக்கோன்-டோ' என்ற ஜலதோஷக் கஷாயத்தையே கொடுத்து, துணைக்கு வந்தவனையும் சும்மா விடாமல் ஒரு கிண்ணம் குடிக்கச் சொல்லும் வைத்தியனைப் பற்றி அந்நாட்டு விகடக் கதை ஒன்று உண்டு. விகடம் விபரீதமாயிற்று. குளிரும் சூடும் மாறி மாறி வரும் ஜுரத்திற்கென்று பழைய நூல் கூறிய 'சியாவ் சாய் ஹு டாங்' கஷாயத்தை, நாட்பட்ட ஈரல் அழற்சி என்ற நோய்ப் பெயரைக் கண்டவுடனேயே ஏராளமானோருக்குக் கொடுத்தார்கள். சிலருக்கு நுரையீரல் கெட்டது, மரணங்கள் நேர்ந்தன, 1996 மார்ச் மாதத்தில் அந்நாட்டுச் சுகாதார மந்திரி இலாகா அவசர எச்சரிக்கை வெளியிட்டது. மூலிகை ஆதலால் தீங்கில்லை என்று இனியும் சொல்வோர் இந்தத் தேதியை மனத்தில் எழுதிக்கொள்ளட்டும்.

சோதித்துப் பார்த்தால் சீன மருந்துகள் தோற்றே போகுமோ என்று பயப்பட வேண்டிய அவசியமும் இல்லை. 2009-ல் புது இன்ப்ளூயன்சா உலகெங்கும் பரவியபோது, சீனாவின் 11 ஆஸ்பத்திரிகளில் 410 நோயாளிகளை நான்கு பிரிவாக்கிப் பார்த்தார்கள். மருந்தில்லாத பிரிவில் ஜுரம் தணிய 26 மணி நேரம் ஆயிற்று. ஓஸெல்டாமிவிர் கொடுத்த பிரிவில் 20. மா ஹுவாங்கும் யின் சியாவ் சரக்குகளும் சேர்ந்த கஷாயம் பெற்ற பிரிவில் 16. இரண்டும் சேர்த்துக் கொடுத்த பிரிவில் 15. 2011-ல் அமெரிக்காவின் பெயர்பெற்ற வைத்தியப் பத்திரிகை இதை வெளியிட்டது. குறை ஒன்று உண்டு: ஒப்பிடுவதற்குப் போலிக் கஷாயம் கொடுக்கவில்லை, தாம் எதைக் குடிக்கிறோம் என்று நோயாளிகளுக்குத் தெரியும். ஆகவே இது முடிந்த தீர்ப்பல்ல. ஆனால் கேள்வியைச் சரியான சபையில் கேட்டார்கள். சாதாரண ஜலதோஷத்திற்குச் செய்த சோதனைகளில் பெரும்பாலானவை இந்தத் தரத்தையும் எட்டவில்லை.

இவ்வழியில் மேலும் நடப்பார்கள் என்று எதிர்பார்த்தால், சர்க்கார் குறுக்கு வழி திறந்தது. 2017-ல் அமுலுக்கு வந்த சீன வைத்தியச் சட்டத்தின்படி, பழம் பெரும் யோகங்களை ஆலையில் செய்து விற்க மனிதர்மீது சோதனை நடத்திக் காட்ட வேண்டியதில்லை. 2018-ல் அத்தகைய 100 யோகங்களின் ஜாபிதா வெளிவந்தது. ஜுரத்தால் மாண்டவர்களைக் கணக்கிட்டு நூல் எழுதிய ஆசிரியரின் பெயரால் கணக்குக் கேட்காமல் விடுவது என்ன நியாயம்? பிறகு 2020-ல் கொரோனா வந்தது. யின் சியாவ் யோகத்தையும் மா ஹுவாங் யோகம் ஒன்றையும் இணைத்து, 2003-ன் ஸார்ஸ் நோய்க் காலத்தில் உருவான 13 சரக்குகள் கொண்ட 'லியன் ஹுவா சிங் வென்' என்னும் மருந்து சர்க்காரின் சிகிச்சை முறையிலேயே இடம் பெற்றது. 2022 ஏப்ரலில் ஷாங்காய் நகரம் அடைபட்டுக் கிடந்தபோது, காய்கறிக்குத் தவித்த வீடுகளுக்கு அதன் பெட்டிகள் வந்து இறங்கின. நோயுள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும், வேர்க்கிறவனுக்கும் வேர்க்காதவனுக்கும் ஒரே பெட்டி. ஆக்ஷேபம் சீனர்களிடமிருந்தே எழுந்தது. அதைத் தேச விரோதம் என்று அடக்கப் பார்த்தவர்கள் 1929-ன் கோஷங்களையே மறுபடி எடுத்தார்கள்.

நாம் வெளியில் நின்று சிரிப்பதற்கில்லை. சென்னை மாகாணத்தில் சுதேச வைத்தியத்தை ஆராய 1921-ல் அமைத்த உஸ்மான் கமிட்டி 1923-ல் அறிக்கை தந்தபோது இதே வாதங்கள் இங்கும் எழுந்தன. 1925-ல் சென்னையில் இந்திய வைத்தியப் பள்ளி ஏற்பட்டது அதன் பலன். 2020-ல் தமிழ்நாட்டுத் தெருமுனைகளில் அண்டா அண்டாவாகக் கபசுரக் குடிநீர் ஊற்றிக் கொடுத்தபோது, வரிசையில் நின்றவனுடைய நாடியை எவரும் பார்க்கவில்லை.

ஒழிப்புத் தீர்மானத்தைக் கொண்டுவந்த யூ யுன்-சியுவைச் சீன வைத்தியர்கள் இன்றும் மன்னிக்கவில்லை. ஷாங்காயில் கூடிய மார்ச் 17-ந் தேதியை அவர்கள் வருஷந்தோறும் தேசீய வைத்திய தினமாகக் கொண்டாடுகிறார்கள். யின்-யாங் சித்தாந்தத்தைத் தள்ளிவிட்டு மருந்துகளை வைத்துக்கொண்டு ஆராயலாம் என்பதே அவருடைய கட்சியாக இருந்தது. ஓய்ந்த காலத்தில் அவர் என்ன செய்தார் என்பதைப் பலர் சொல்வதில்லை. பழைய சீன நூல்களில் வரும் நோய்ப் பெயர்கள் ஒவ்வொன்றும் எந்த நோயைக் குறிக்கும் என்று சொல் சொல்லாக ஆராய்ந்து ஒரு பெரு நூல் எழுதினார். அது 1953-ல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு அவர் காலமானார். அவர் ஒழிக்க நினைத்த வைத்தியத்தின் மாணவர்கள் பழைய நூல்களைப் படிக்கும்போது அவருடைய அந்த நூலையும் புரட்ட வேண்டியிருக்கிறது.